பாரிஸ் போல்ட்டு நட்டு கடை: கேள்வி கேட்டுட்டுதான் சரக்கு தருவாங்க

சென்னை பாரிஸ் கார்னர்ல லிங்கி செட்டி தெரு, செம்புதாஸ் தெரு பக்கமா இருக்குற போல்ட்டு நட்டு கடை ஒண்ணுக்கு ரிவ்யூ இது. குறையும் சேத்து சொல்லப் போறதால கடை பேரு வேணாம், அந்தப் பக்கம் போனா இதே மாதிரி இன்னும் கடைங்க இருக்கு, ஏறக்குறைய எல்லாத்துக்கும் இதே கதைதான். ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. போன ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ வரும். அந்த நாலு ஸ்டார் சரக்குக்கு இல்லங்க, கவுன்டர்ல உக்காந்திருக்குற பாய்க்கு. "பாய், பன்னெண்டு எம்எம் போல்ட்டு, மூணு இஞ்சி நீளம், ஒரு இருபது குடுங்க"ன்னா உடனே எடுத்துத் தரமாட்டாரு, "எங்க மாட்டப் போற தம்பி?"ன்னுதான் முதல்ல கேப்பாரு. புதுசா போறவனுக்கு இவருக்கு எதுக்கு நம்ம வீட்டுக் கதைன்னு கடுப்பாதான் இருக்கும். ஆனா போல்ட்டுன்னு ஒரு சாமான் இல்லவே இல்ல, கேட்டுக்கு ஒண்ணு, ஷீட்டு கூரைக்கு ஒண்ணு, ஊஞ்சலுக்கு ஒண்ணு, பைக் இன்ஜினுக்கு ஒண்ணுன்னு தனித்தனி ஜாதி, தெரிஞ்சவன் கேட்டுட்டுதான் தருவான்.

பெரும்பாலும் எல்லாரும் வாங்குறது ஹெக்ஸ் போல்ட்டு, அதான் ஆறு பட்டை தலை வெச்சது. அதுலயே ரெண்டு, ஆஃப் த்ரெட்டு, ஃபுல் த்ரெட்டு. ஆஃப் த்ரெட்டுல தலைக்குக் கீழ கொஞ்ச தூரம் மொழமொழன்னு இருக்கும், நுனிப்பக்கம்தான் மரை. ஃபுல் த்ரெட்டுல தலை வரைக்கும் மரை. நம்ம ஆளுங்க ஃபுல் த்ரெட்டுதான் நல்லது, எவ்ளோ வேணா டைட் பண்ணிக்கலாம்னு வாங்கிட்டுப் போவாங்க. ரெண்டு பிளேட்டு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து பக்கவாட்டுல இழுபடுற இடமா இருந்தா (தண்ணி டேங்க் ஸ்டாண்டு ஆங்கிள் ஜாயின்ட்டு மாதிரி) அந்த ரெண்டு பிளேட்டும் சேந்து போல்ட்ட குறுக்கால வெட்டப் பாக்கும், அந்த இடத்துல மரை இல்லாத முழு தடிமன் வந்து உக்காரணும். கணக்கு சின்னதுதான், எம்12 (அதாவது பன்னெண்டு எம்எம் தடிமன்) போல்ட்டுல மரை இல்லாத இடத்துல குறுக்கு வெட்டு 113 சதுர மில்லி, மரை வெட்டின இடத்துல அது 84 சொச்சம், கால்வாசி அப்படியே காணாம போச்சு. இயந்திரத்துல பிளேட்டுல நேரா மரை போட்டு மாட்டுற இடம், மெல்லிசு பிராக்கெட்டு, மோட்டார் பேஸ் இதுக்கெல்லாம் ஃபுல் த்ரெட்டு சரி. ஸ்டாண்டுன்னு சொன்னா பாய் ஆஃப் த்ரெட்டு டப்பாவைத்தான் இழுப்பாரு, பிளேட்டு எவ்ளோ தடிமன்னு அடுத்த கேள்வி வரும், தெரியாம போனீங்கன்னா வீட்டுக்கு ஃபோன் போட்டு அளக்கச் சொல்வாரு, க்யூல நிக்கிறவன் எல்லாம் முறைப்பான்.

அடுத்தது கிரேடு. தலையப் பாருங்க, நல்ல போல்ட்டா இருந்தா 8.8ன்னோ 10.9ன்னோ பொறிச்சிருக்கும், கூடவே கம்பெனி அடையாளம் இருக்கும். அது சைஸ் இல்ல, மாடல் நம்பரும் இல்ல, அது ரெண்டு தகவல். முதல் நம்பர நூறால பெருக்குனா எத்தனை மெகாபாஸ்கல்ல (ஒரு சதுர மில்லிக்கு எத்தனை நியூட்டன் இழுவைங்கற கணக்கு) அறுந்து போகும்னு வரும், 8ன்னா 800. புள்ளிக்கு அப்புறம் இருக்குறது அதுல எத்தனை பங்குல நிரந்தரமா நீள ஆரம்பிக்கும்னு, .8ன்னா எண்பது சதவீதம், அதாவது 640. சாதா எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) போல்ட்டு 4.6ன்னு வெச்சுக்கிட்டா 400ல அறும், 240லயே இழுபட்டு நீள ஆரம்பிச்சிடும். இத எடையா மாத்துனா எம்12 போல்ட்டு ஒண்ணு 4.6ல சுமார் ரெண்டு டன்னுல நீள ஆரம்பிக்கும், அதே எம்12 8.8ல அஞ்சரை டன்னு வரைக்கும் தாங்கும். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி, ரெண்டு மேலயும் அதே வெள்ளி பூச்சுதான், விலை மட்டும் வேற. கடையில 8.8 மாதிரி பலமான போல்ட்ட எச்டி போல்ட்டுன்னு சொல்வாங்க, ஹை டென்சில். தலையில எதுவுமே இல்லாம மொட்டையா இருந்தா அத எச்டின்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க, 8.8லயும் அதுக்கு மேல இருக்குறதுலயும் எம்5ல இருந்தே மார்க் இருக்கணும்ங்கறது விதி.

நிறைய பேரு எச்டின்னு கேக்காம "டிவிஎஸ் போல்ட்டு குடுங்க"ன்னுதான் கேப்பாங்க, 1960கள்லயே நம்ம பாடியில ஆரம்பிச்ச சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் சரக்கு அது, பட்டறைக்காரங்களுக்கு அந்தப் பேருதான் கிரேடு மாதிரி ஆயிடுச்சு. லூதியானா சரக்கும் நிறைய வரும், நாட்டுலயே போல்ட்டு நட்டு அதிகமா தயாராகுற ஊர்ல அது ஒண்ணு, அதுல நல்லதும் உண்டு சுமாரானதும் உண்டு. இந்தக் கடையில எனக்குப் புடிச்ச விஷயம், கேட்டுக்கு எச்டி கேட்டவர் ஒருத்தர்ட்ட "தேவையில்ல சார், சாதா எம்எஸ்ஸே போதும், கம்பிதான் முதல்ல வளையும்"னு பாய் சொன்னத நானே பாத்திருக்கேன். வியாபாரம் கம்மியானாலும் பரவால்லன்னு சொல்ற ஆளு.

அதே மாதிரி 12.9 இன்னும் பெருசு, அதான் பெஸ்ட்டுன்னு கேக்குறவங்க உண்டு. அப்படி இல்லீங்க. ரொம்ப கெட்டியான ஸ்டீல்ல துத்தநாகப் பூச்சு போடும்போது ஹைட்ரஜன் உள்ள புகுந்துச்சுன்னா டைட் பண்ணி வெச்ச போல்ட்டு கொஞ்ச நாள்ல தானா பட்டுன்னு உடையும், அதனாலதான் 12.9 பெரும்பாலும் கருப்பா எண்ணெய் பூசினாப்ல வருது. வெயில்ல மழையில நிக்கிற வேலைக்கு அத போடறது காசுக்குப் புடிச்ச கேடு. நட்டும் ஜோடியா இருக்கணும், 8.8 போல்ட்டுக்கு 8ன்னு பொறிச்ச நட்டு. மலிவு நட்டு மாட்டினா போல்ட்டு கல்லு மாதிரி நிக்கும், நட்டுல மரை உருவிக்கிட்டு வந்துடும்.

இனிமே நூலுக்கு வருவோம், பாரிஸ்ல பாதி சண்டை இதுலதான் நடக்குது. பழைய கொத்தனார், வெல்டர், பைப்பு வேலைக்காரங்க எல்லாருக்கும் அளவு நூல்தான், ஒரு நூல்னா இஞ்சியில எட்டுல ஒண்ணு. ரெண்டு நூல் கால் இஞ்சி, மூணு நூல் போல்ட்டுன்னா மூணு பை எட்டு இஞ்சி, நாலு நூல்னா அரை இஞ்சி. கடைப் பசங்களுக்கு எல்லாம் எம்எம். அரை இஞ்சி 12.7 மில்லி, பாத்தா எம்12க்கு அண்ணன் மாதிரி, அதனால "ரெண்டும் ஒண்ணுதாங்க, அட்ஜஸ்ட் ஆயிடும்"னு சொல்ற மேதைங்க உண்டு. ஆவாது. எம்12ல மரைக்கு மரை தூரம் 1.75 மில்லி, அரை இஞ்சி விட்வொர்த்துல (பழைய பிரிட்டிஷ் மரை அளவு) இஞ்சிக்கு 12 மரை, அதாவது ரெண்டு மில்லிக்கு மேல. கையால ஒரு சுத்து ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் கவ்விக்கும், ஸ்பேனர் போட்டு திருப்புனீங்கன்னா ரெண்டு மரையும் போச்சு. மரையோட கோணமும் வேற, விட்வொர்த் 55 டிகிரி, மெட்ரிக் 60. 1841ல ஜோசப் விட்வொர்த்னு ஒரு இங்கிலீஷ்காரர் ஊருக்கு ஒரு மரை வெட்டிக்கிட்டு இருந்தவங்கள எல்லாம் ஒரே அளவுக்கு வாங்கய்யான்னு கொண்டு வந்தது அது, வெள்ளக்காரன் போயும் நம்ம வீட்டு இரும்பு கேட்டுல, பழைய கை பம்புல, கரும்பு மிஷின்ல இன்னும் அதேதான் ஓடிக்கிட்டு இருக்கு. அதனால பழைய சாமானுக்கு நட்டு வாங்கணும்னா கழட்டின போல்ட்ட கையில எடுத்துட்டுப் போங்க, வாட்ஸப் ஃபோட்டோல மரை தெரியாது. பாய்ட்ட ஒரு த்ரெட்டு கேஜ் இருக்கு, விசிறி மாதிரி பிரியும், வெச்ச உடனே சொல்லிடுவாரு.

புல்லட் வெச்சிருக்குறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். 1955ல மெட்ராஸ்ல கடை விரிச்ச கம்பெனி, டிசைன் இங்கிலாந்துல இருந்து வந்தது, அதனால பழைய வண்டியில பிரிட்டிஷ் மரை கலந்து கெடக்கும், ஒரே வண்டிக்கு ரெண்டு செட்டு ஸ்பேனர் வேணும். ஜப்பான் வழி வந்த வண்டிங்க முழுக்க மெட்ரிக், ஆனா அங்கயும் ஒரு வித்தியாசம், சாதாரணமா எம்8க்கு 13 ஸ்பேனர், எம்10க்கு 17, ஜப்பான் வண்டியில அதே எம்8க்கு 12, எம்10க்கு 14, தலைய சின்னதா வெச்சிட்டாங்க. எம்6க்கு ரெண்டுலயும் 10தான், அந்த 10 ஸ்பேனர் ஏன் எப்பவும் காணாம போகுதுன்னு எனக்கு வெளங்குனதே இல்ல. எம்12க்கு 19, எம்16க்கு 24. இப்ப வர்ற புது ஸ்டாண்டர்டு சரக்குல எம்10க்கு 16, எம்12க்கு 18ன்னு வந்துட்டு இருக்கு, ஒரே டப்பாவுல ரெண்டும் கலந்திருந்தா வேலை பாக்கறப்ப கண்ணு கட்டும், வாங்கும்போதே தலைய பாத்துக்கங்க.

பைக் சைடு மிரர் எம்10தான், ஆனா ஃபைன் த்ரெட்டு, மரைக்கு மரை தூரம் 1.25 மில்லி. கடையில வெறும் எம்10ன்னு கேட்டா 1.5 வரும், ஏறாது. யமஹாவுல வலது பக்க மிரர் எதிர் மரை, சைக்கிள்ல இடது பெடல் எதிர் மரை, இது தெரியாம முக்கி முக்கி திருப்பி தாடைய உடைச்சவங்க கதை எல்லா மெக்கானிக் கடையிலயும் ஒண்ணு இருக்கும்.

ஆலன் போல்ட்டு, உருளைத் தலையில ஆறு பட்டை குழி இருக்குமே அது. ஸ்பேனர் நுழையாத சந்துல, இன்ஜின் கவர், ஹேண்டில் கிளாம்ப், சிஎன்சி ஃபிக்சர், ஜிம் மெஷின் எல்லாத்துலயும் இதான். பொதுவா 12.9ல வரும். எம்5க்கு 4 கீ, எம்6க்கு 5, எம்8க்கு 6, எம்10க்கு 8. கடையில இத அன்பிராக்கோன்னு கேட்டாலும் புரியும், அமெரிக்கக் கம்பெனி பேரு, இப்ப லூதியானாக்காரங்க கையில இருக்கு. உருண்டைத் தலை இருக்குற பட்டன் ஹெட்டு அழகுக்கு நல்லாருக்கும், குழி ஆழம் கம்மி, கீயும் ஒரு சைஸ் சின்னது, அதனால ரொம்ப டைட் பண்ற இடத்துக்கு அது ஆவாது. கீ தேஞ்சு போயிருந்தா குழி வட்டமாயிடும், அப்புறம் டிரில்தான். ஆலன் கீயில காசு மிச்சம் புடிக்காதீங்க.

மரத்துக்கு வருவோம். கேரியேஜ் போல்ட்டு, மேல காளான் மாதிரி வழுவழுன்னு தலை, தலைக்குக் கீழ ஒரு சதுரக் கழுத்து. அந்த சதுரம் மரத்துல இறங்கி உக்காந்துடும், நட்டு திருப்பும்போது போல்ட்டு கூட சுத்தாது, வெளிய இருந்து எவனும் ஸ்பேனர் போட்டு கழட்டவும் முடியாது. கட்டில் சட்டம், மர கேட்டு, பார்க் பெஞ்சு பலகை, லாரி பாடி பலகை எல்லாம் இதுதான். நட்டுப் பக்கம் பெரிய வாஷர் போடணும், இல்லன்னா நட்டு மரத்துக்குள்ளயே போயிடும். கதவுக்கு டவர் போல்ட்டுன்னு கேட்டு ஒருத்தர் இந்தக் கவுன்டர்ல நின்னாரு, பாய் சிரிக்காம "தாழ்ப்பாள் அடுத்த கடை சார்"ன்னாரு.

ஊஞ்சல் போல்ட்டுல மட்டும் தயவுசெஞ்சு காசு பாக்காதீங்க. ஐ போல்ட்டுன்னு கேப்போம், நுனியில வளையம் இருக்கும். ரெண்டு வகை, கம்பிய வளைச்சு விட்டது, வளையம் முழுசா மூடியிருக்காது, இன்னொண்ணு ஃபோர்ஜ் பண்ணது, அதாவது இரும்ப காய்ச்சி அடிச்சு செஞ்சது, வளையமும் தண்டும் ஒரே உருப்படி. கொடிக்கயிறு கட்டுறதுக்கு வளைச்சது போதும். பாட்டி உக்காந்து ஆடற பலகை ஊஞ்சல்னா ஃபோர்ஜ் பண்ணதுதான், ஆடிக்கிட்டு அடிப்பக்கம் வரும்போது ஆள் எடைய விட அதிகமா இழுக்கும், குழந்தைங்க வேகமா ஆடினா இன்னும் அதிகம். ஐ போல்ட்டு நேரா கீழ இழுக்கத்தான் செஞ்சது, சாய்ச்சு இழுத்தா அதோட பலம் ரொம்ப குறையும், அதனால சங்கிலி ரெண்டும் முடிஞ்சவரை நேரா தொங்கற மாதிரி தூரம் பாத்து போடணும். ஊஞ்சலுக்குன்னு சொன்னா இந்தக் கடையில வளைச்சத கண்ணுலயே காட்டமாட்டாங்க. ஆன்லைன்ல "ஹெவி டியூட்டி"ன்னு போட்டு வளைச்ச கொக்கிய ஊஞ்சல் செட்டுன்னு விக்கிறத பாத்துட்டு எனக்கு வயிறு கலங்கும்.

காங்கிரீட்டுல மாட்டுறதுக்கு ஆங்கர் ஃபாஸ்ட்னர். ஓட்டைக்குள்ள போட்டு டைட் பண்ண பண்ண அடியில இருக்குற கிளிப்பு விரிஞ்சு சுவத்த கவ்வும். இதுல எல்லா சூட்சுமமும் ஓட்டையிலதான், டிரில் பண்ண தூள ஊதி வெளிய எடுக்காம மாட்டினா அது கவ்வாது, தூளத்தான் கவ்வும். ஓரத்துல போட்டா காங்கிரீட்டு பெயர்ந்து வரும். ஹாலோ பிளாக் சுவத்துல இது வேலைக்கே ஆவாது, உள்ள வெறும் காத்துதான், அங்க கெமிக்கல் ஆங்கரோ (ஓட்டைக்குள்ள பசை விட்டு ஒட்டுறது) இல்ல சுவத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போல்ட்டு விட்டு பிளேட்டு போட்டு இறுக்குறதோதான் வழி. "என்ன சுவரு?"ன்னு பாய் கேக்குறதுக்கு காரணம் இதான். புதுசா காங்கிரீட்டு போடும்போதே புதைக்கிறதா இருந்தா ஃபவுண்டேஷன் போல்ட்டு, ஜே இல்ல எல் மாதிரி அடியில வளைஞ்சிருக்கும், தெருவிளக்கு கம்பம், மோட்டார் பீடம், ஷெட்டு தூண் எல்லாம் அதுலதான் நிக்குது, இத காங்கிரீட்டு ஊத்தறதுக்கு முன்னாடி பிளேட்டுல டெம்ப்ளேட் போட்டு கட்டி வெக்கலன்னா அப்புறம் ஓட்டை சேராது.

மொட்டை மாடி ஷீட்டுக்கு ஜே போல்ட்டு, கீழ பைப்பையோ ஆங்கிளையோ கொக்கி போட்டு புடிச்சுக்கும், மேல தார் வாஷர், அதுக்கு மேல ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) வாஷர், அப்புறம் நட்டு. அலை அலையா இருக்குற ஷீட்டுல ஓட்டை மேட்டுல போடணும், பள்ளத்துல போட்டா தண்ணி ஓடற வழியிலயே ஓட்டை போட்ட மாதிரி. இப்ப எல்லாரும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவுக்கு போயிட்டாங்க, ரப்பர் வாஷரோட வருது, ஒரே ஆளு மேல நின்னே அடிச்சிட்டுப் போயிடலாம், வேலை சீக்கிரம். நான் இன்னும் ஜே போல்ட்டு கட்சிதான், 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்னிக்கு எங்க ஏரியாவுல ஷீட்டு பறந்ததுல மெல்லிசு பைப்புல அடிச்ச ஸ்க்ரூ அப்படியே மரை உருவிக்கிட்டு வந்தது நிறைய. தடி பைப்பா இருந்தா ஸ்க்ரூவும் நிக்கும், அது வேற விஷயம். பைப்ப சுவத்தோட புடிக்க யூ போல்ட்டு, லாரி பட்டை ஸ்பிரிங்க ஆக்சிலோட சேத்து கட்டுறதும் யூ போல்ட்டுதான், பேரு ஒண்ணு, வேலை மலைக்கும் மடுவுக்கும். லாரிக்கு பைப்பு யூ போல்ட்டு கேட்டா வெளிய அனுப்பிடுவாரு.

கடலோரம் இருக்குறவங்க, திருவான்மியூர், ஈசிஆர், எண்ணூர், காசிமேடு, கவனமா படிங்க. சாதா துத்தநாகப் பூச்சு உங்க ஊர்ல ரொம்ப நாள் நிக்காது. சூடா உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்த ஜிஐ போல்ட்டு கொஞ்சம் சொரசொரன்னு அசிங்கமா இருக்கும், ஆனா பூச்சு தடிமன், அதுக்கு நட்டும் அதே ஜிஐ நட்டா வாங்கணும், பூச்சுக்கு எடம் விட்டு மரை பெருசா வெட்டியிருப்பாங்க, சாதா நட்டு ஏறாது. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேணும்னா தலையில ஏ2-70ன்னு இருக்கும், அது 304 கிரேடு. ஏ4ன்னா 316, மாலிப்டினம் சேத்தது, உப்புக்காத்துக்கு அதான். 304 கடலோரத்துல பழுப்பா டீக்கறை புடிக்கும். வெளிய சில கடையில 202 கிரேட எஸ்எஸ்னு சொல்லி தள்ளிவிடுவாங்க, காந்தம் வெச்சு பாத்து ஒட்டலன்னா ஒரிஜினல்னு ஒரு நம்பிக்கை ஓடுது, 202லயும் காந்தம் ஒட்டாது, நல்ல 304 போல்ட்டுலயே அடிச்சு உருவாக்கினதால லேசா ஒட்டும், அதனால அந்த டெஸ்ட்டு வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தலைய படிங்க, பில் வாங்குங்க, அதான் டெஸ்ட்டு.

எஸ்எஸ்ல இன்னொரு வில்லங்கம், டிரில் மெஷின் வெச்சு சர்ருனு நட்டு ஏத்தினா பாதியில மரை மரையோட ஒட்டிக்கிட்டு நிக்கும், முன்னாடியும் போகாது பின்னாடியும் வராது, அறுத்துதான் எடுக்கணும். கொஞ்சம் கிரீஸ் இல்ல ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் (மரை ஒட்டிக்காம இருக்க தடவுறது) தடவி கையால மெதுவா ஏத்துங்க. இன்னொண்ணு, எஸ்எஸ்னா பலம் அதிகம்னு நெனைக்காதீங்க, ஏ2-70ல அந்த 70ன்னா 700, 8.8ஐ விட கம்மிதான். அது துருவுக்கு, பளுவுக்கு இல்ல.

வாஷர் பத்தி சொன்னா அடிக்க வருவீங்க, இருந்தாலும் சொல்றேன். ஸ்பிரிங் வாஷர் போட்டா நட்டு கழறாதுன்னு நம்ம ஊர்ல வேதவாக்கு. போல்ட்டு புடிக்கிறதே லேசா இழுபட்டு நின்னு அந்த இழுவிசையில பிளேட்டுங்கள ஒண்ணோட ஒண்ணு அமுக்கிப் புடிக்கிறதுனாலதான். நாம ஸ்பேனர்ல போடற பலத்துல பெரும்பகுதி தலைக்கு அடியிலயும் மரையிலயும் உரசலுக்கே போயிடும், பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான் உண்மையா இறுக்கத்துக்கு போகும். எச்டி போல்ட்ட ஒழுங்கா டைட் பண்ணா ஸ்பிரிங் வாஷர் தட்டையாயி சாதா வாஷரா ஆயிடும், அப்புறம் அதுக்கு என்ன வேலை? பக்கவாட்டு அதிர்வுதான் நட்ட கழட்டுதுன்னு 1969லயே ஜெர்மன்காரர் ஜங்கர் மிஷின் கட்டி காமிச்சிட்டாரு, அந்த டெஸ்ட்டுல ஸ்பிரிங் வாஷர் தேறுறதே இல்ல. அதிர்வு இருக்குற இடத்துக்கு நைலாக் நட்டு, இல்ல மரையில தடவுற பசை, நீல லாக்டைட் 243. நைலாக்கு உள்ள நைலான் வளையம், சூடு தாங்காது, சைலன்சர் பக்கம் போடக்கூடாது, கழட்டி கழட்டி மாட்டவும் கூடாது. இத பாய்ட்ட சொன்னா ஒத்துக்கவே மாட்டாரு, "நாப்பது வருஷமா ஸ்பிரிங் வாஷர்தான் குடுக்குறேன், எந்த வண்டி கழண்டுச்சு?"ன்னு கேப்பாரு, நானும் விடமாட்டேன், கடைசியில ரெண்டையும் வாங்கிட்டு வருவேன்.

இப்ப ஆன்லைன் டப்பா. ஆயிரம் பீஸ் கலந்த செட்டு, பிளாஸ்டிக் பெட்டி, அறை அறையா பிரிச்சு பாக்க ஆசையா இருக்கும். எம்3, எம்4, எம்5 சின்ன சைஸ் வேலைக்கு, எலக்ட்ரானிக்ஸ், பொம்மை, லேப்டாப் ஸ்டாண்டு மாதிரி, வாங்கலாம், அதுக்காக பாரிஸ் வரைக்கும் போறது டீசல் தண்டம். எம்6க்கு மேல நான் தொடமாட்டேன், நான் வாங்குன டப்பாவுல தலையில ஒரு மார்க்கு இல்ல, நட்டு கிரேடு என்னன்னு டிஸ்கிரிப்ஷன்ல ஒரு வார்த்த இல்ல, ஸ்பேனர் லேசா அழுத்துனதுக்கே எம்6 முறுக்கிக்கிட்டு வந்துச்சு. எது எங்க போகுதுன்னு கேக்க அங்க ஆள் இல்ல.

சரி, அந்த ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன். சாதா போல்ட்டு கிலோ கணக்குல, ஆலனும் எஸ்எஸ்ஸும் பீஸ் கணக்குல, கிலோ சரக்குல நட்டும் சேத்து நிறுக்குறாங்களா தனியான்னு கேக்காம விட்டா பில்லுல தலை சுத்தும். அஞ்சு பீஸ் கேட்டா மூஞ்சி போற போக்கு இருக்கே. பில்லு போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி, பில்லு வேணாமான்னு அவங்களே கேப்பாங்க, வேணும்னு சொல்லுங்க, எஸ்எஸ் வாங்குறப்ப கண்டிப்பா. சாயங்கால நேரத்துல சாக்குல இருந்து அள்ளிப் போடற சரக்குல 1.25ம் 1.5ம் கலந்து வரும், எண்ணிப் பாக்கறதோட ஒரு நட்ட எடுத்து ஒவ்வொண்ணுலயும் ஏத்திப் பாருங்க, அங்கயே நின்னு, ஏன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனத திருப்பி எடுக்க மாட்டாங்க. பாய் இல்லாத நேரத்துல பசங்கதான் இருப்பாங்க, அவங்க கேட்டத கேட்டபடி குடுத்துடுவாங்க, அதுவும் ஒரு குறைதான். வெள்ளிக்கிழமை மதியம் வேணாம், ஞாயிறு தெருவே மூடியிருக்கும்.

காரு எடுத்துட்டு போறத பத்தி நெனைக்கவே நெனைக்காதீங்க, மீன்பாடி வண்டியும் லோடு ஆட்டோவும் மாட்டிக்கிட்டு நிக்கிற சந்து அது. ஹை கோர்ட் மெட்ரோல இறங்கி நடந்துடுங்க. துணிப்பை ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு எடுத்துட்டு போங்க, அஞ்சு கிலோ எம்12 ஒரு பையில நிக்காது, தம்பு செட்டி தெரு நடுவுல கிழிஞ்சா பொறுக்கவும் முடியாது.